பொறவு இது எங்கீங்க போவும்?

பல் பிடுங்கப் போன இடத்தில்கூட அக்கா அதைத்தான் கேட்டார். வாயில் பஞ்சு, பாதி முகம் மரத்துப்போயிருக்கிறது, பேசக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியாகிவிட்டது. அப்படியும் தட்டில் கிடந்த தன் கடைவாய்ப்பல்லை விரலால் காட்டி, "பொறவு இது எங்கீங்க போவும்?" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஏனுங்க, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டதற்கு, "வேண்டாமுங்க. எங்க போவுதுன்னு தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார். எந்தப் பையில் போடுவார்கள், எந்த வண்டி வந்து எடுத்துப் போகும், எங்கே கொண்டுபோய் எரிப்பார்கள் என்று முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமே காத்திருந்தது. துணைக்குப் போயிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் போய் வெட்கம் என்று நினைத்தேன் அன்றைக்கு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் பின்மதிலை ஒட்டி ஒரு பள்ளம் போகிறது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும். பள்ளத்தின் அந்தக் கரையில் தகரம் வேய்ந்த ஒரு ஷெட். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளை, அதற்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர், மூட்டை மூட்டையாக வாங்கி, தரம் பிரித்து விற்பது அக்காவின் தொழில். ஷெட் வாடகைக்கு. கூட மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான தேகம், நூல் தூசி படிந்த புருவம், சேலைக்கு மேல் எப்போதும் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் பெயரை நான் எழுதியிருக்க வேண்டிய காகிதம் ஒன்று இருந்தது. அதில் எழுதவில்லை. இனி இதில் எழுதி என்ன ஆகப்போகிறது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல்லடம் சாலையில் அருள்புரத்தைத் தாண்டி உள்ளே போகும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நான் தமிழ்த்துறை ஆசிரியை. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாய் கொஞ்சம் நீளம், எனக்கு அதிலும் ஒரு முழம் கூடுதல். தமிழ்த்துறைக்கு என்ன பெரிய வேலை இருந்துவிடப்போகிறது என்று பதிவாளர் இரண்டு பொறுப்புகளை என் தலையில் கட்டினார். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் சுற்றுவட்டார மக்களுக்காகத் திறந்தவெளி அரங்கில் இலவசமாகக் கலைநிகழ்ச்சி நடத்துவது ஒன்று. அதற்கு "ஊர் மாலை" என்று நான்தான் பெயர் வைத்தேன். இன்னொன்று, பசுமை வளாகக் குழு. மரம் நடுவது, தண்ணீரை மிச்சம் பிடிப்பது, குப்பையைக் குறைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அறிக்கை எழுதுவது.

"ரெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"நிகழ்ச்சி நடந்தாக் குப்பை விழுமில்லீங்க மேடம்? நடத்துற நீங்களே அள்ளிக்கலாம்" என்றார் பதிவாளர். அவருக்கு அது நகைச்சுவை.

முதல் ஊர் மாலையில் ஒயிலாட்டம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். கம்பெனி ஷிப்டு முடித்து வந்தவர்கள், பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்தவர்கள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கைதட்டி ரசித்த ஒடிசாப் பையன்கள். முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டில் கரைந்துபோய்விட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. பக்கத்தில் போனேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது, பதிவாளரின் படத்தோடு மேடையின் பின்னால் கட்டியிருந்த பிளக்ஸை.

"ஏனுங்க மேடம், இது பொறவு எங்கீங்க போவும்?"

"குப்பைக்குப் போகும்."

"குப்பைக்குன்னா எங்கீங்க?"

"குப்பை வண்டிலக்கா."

"வண்டி எங்கீங்க போவும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. "எனக்கெப்படிக்கா தெரியும்? வண்டி பின்னாலயேவா ஓட முடியும்?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் தோளில் குத்தியிருந்த பேட்ஜைக் காட்டி, "இல்லீங்க, பசுமைன்னு எழுதிக் குத்தியிருக்கறீங்களே, தெரிஞ்சிருக்குமாக்கும்னு கேட்டனுங்க" என்றார். அதில் குத்தல் துளியும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். போகும்போது வரிசையில் கிடந்த காகிதக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஒரு முழ உயரக் கம்பம் போல ஆக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் எங்கள் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் போன மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் ஷெட்டைத் தேடிப் போனேன். உள்ளே துணித் துண்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. மூன்று பெண்களுக்கு நடுவில் அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கை பாட்டுக்குத் துண்டுகளை எடுத்து நாலா பக்கமும் வீசுகிறது, கண் என்னிடம் பேசுகிறது. ஒரு துண்டில் சந்தேகம் வந்தால் நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டி, மோந்து பார்ப்பார். காகிதம் கருகிய வாசம் வந்தால் காட்டன். பொசுங்கி மிளகு போல உருண்டால் பாலியெஸ்டர்.

"இந்த வெள்ளையெல்லாம் மில்லுக்குப் போயி மறுக்கா நூலாயிருமுங்க. இந்தக் கலரு ஒர்க்சாப்புல மெசின் தொடைக்கப் போவும். இந்தக் கசங்கலெல்லாம் மெத்தைக்குள்ள போவும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு போற ஊடு இருக்குதுங்க அம்மிணி. அது எதுன்னு கேக்காம வெளிய உட்டம்னு வெய்யுங்க, அடுத்தவிங்க வாசல்லதான் போய்க் கெடக்கும்."

அம்மிணி என்று என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல். இங்கே வந்து எத்தனையோ வருஷமாகியும் ஊர்க்காரர்களுக்கு நான் மேடம்தான். வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லைக் கேட்டதும் மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு அந்த ஷெட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அக்காவின் கேள்விக்கு ஆள், பொருள் வித்தியாசம் கிடையாது. கல்யாண வீட்டில் இலையை எடுக்கிறவரை நிறுத்திக் கேட்பார். ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்தவர்கள் அக்காவைக் கண்டாலே வேறு பந்தியில் போய் உட்காருவார்கள். மங்கலம் ரோட்டில், வெளியூர்ப் பெண்களை ஆஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்கிய ஒரு கம்பெனியை மூடியபோது, நஷ்டமாம், ஆர்டர் வரவில்லையாம் என்று ஊரே காரணம் பேசிக்கொண்டிருந்தது. "அந்த ஆஸ்டல் புள்ளைக பொறவு எங்கீங்க போவும்?" என்று கேட்டவர் அக்கா ஒருவர்தான். கேட்டதோடு விடவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தன் வீட்டில் ஒரு மாதம் வைத்திருந்து, வேறு கம்பெனியில் சேர்த்துவிட்டார். "உங்களுக்கு எதுக்குக்கா ஊர் வம்பு?" என்று கேட்டேன். "கேட்டுப்போட்டனுங்களே அம்மிணி. கேட்டுப்போட்டுச் சும்மா இருக்க முடியுங்களா?" என்றார்.

எங்கள் ஊர் மாலையை மாற்றியவரும் அவர்தான். பிளக்ஸ் வேண்டாம் என்று சொன்னார். சாயம் ஏற்றாத பழைய பனியன் துணியை ஒட்டுப்போட்டு மேடைக்குத் திரை தைத்தார். "ஊர் மாலை" என்ற எழுத்துகளைக் கட்டிங் வேஸ்ட்டில் ஆள் உயரத்துக்கு வெட்டி, ஓரம் அடித்து, ஊக்கால் குத்திக்கொள்கிற மாதிரி செய்து கொடுத்தார். மாதாமாதம் குத்தலாம், கழற்றி மடித்து வைக்கலாம். பச்சையில் "ஊ". மஞ்சளில் "மா". "லை"தான் அவரைப் படாதபாடு படுத்தியது. சிவப்புத் துணியில் இரண்டு முறை வெட்டி, இரண்டும் கோணிக்கொண்டு, மூன்றாவதுதான் சரியாக வந்தது. "இந்த லை பெரிய ரோதனைங்க அம்மிணி. இன்னொருக்கா வெட்டச் சொன்னா ஊரைக் காலி பண்ணீட்டுப் போயிருவேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் காகிதக் கப்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். நிகழ்ச்சிக்கு வருகிற பெண்கள் வீட்டிலிருந்து ஆளுக்கு நாலு கொண்டுவருவார்கள், அடியில் பெயர் வெட்டியது. பல்கலைக்கழக மைதானத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வள்ளி கும்மி வகுப்பு தொடங்கினேன். அக்கா முதல் ஆளாகச் சேர்ந்தார். தாளம் எல்லாம் தப்புதான். எல்லோரும் வலது பக்கம் திரும்பினால் இவர் இடது பக்கம் திரும்பி எதிரே வருகிறவரை முட்டுவார். பயிற்சி முடிந்ததும் டம்ளர்களைப் பெயர் பார்த்து அவரவரிடம் ஒப்படைப்பதில் மட்டும் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

இதற்கெல்லாம் எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள். ஆமாம், எனக்குத்தான். பசுமைச் செயல்வீரர் என்று சட்டம் போட்ட சான்றிதழ். மேடையில் பேசும்போது "ஊர் மக்களின் ஒத்துழைப்போடு" என்று சொன்னேன். அந்த "ஊர் மக்களில்" ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் அறைக்கு வந்து, சட்டத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றார். உங்கள் பெயரும் இதில் வந்திருக்க வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். முதல் உண்மையை விழுங்கிப் பழகிவிட்டால் அடுத்தது தொண்டையில் சிக்குவதே இல்லை.

மூன்றாம் வருஷம் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு அது பெண் பார்க்க வருகிற மாதிரி. சுவருக்குச் சுண்ணாம்பு, செடிக்குப் பெயர்ப்பலகை, எல்லோர் முகத்திலும் பவுடர். பசுமை வளாகத்துக்கு என்று தனியே மதிப்பெண் உண்டு. நான் எழுதிய அறிக்கையில், "எங்கள் வளாகத்திலிருந்து குப்பை என்று எதுவும் வெளியே செல்வதில்லை" என்று ஒரு வாக்கியம் இருந்தது. மாதத்தில் ஒரு சாயங்காலம் நாங்கள் சுத்தமாக இருந்தது உண்மை. மற்ற நாளெல்லாம் விடுதிச் சமையலறைக் குப்பை, பால் பாக்கெட், தெர்மாகோல், கிழிந்த பிளக்ஸ் எல்லாம் பின்மதில் ஓரமாகக் குவிந்துகொண்டே இருந்ததும் உண்மை. என் அறிக்கையில் அந்த ஒரு சாயங்காலமே வருஷம் முழுக்க நடந்துகொண்டிருந்தது.

குழு பசுமைப் பகுதியைப் பார்க்க வருவது வெள்ளிக்கிழமை, அவர்களுக்காக அன்றைக்கே தனியாக ஓர் ஊர் மாலைக்கும் ஏற்பாடு. முந்தின நாள் பதிவாளர் கூப்பிட்டார். "வெளிய போறதில்லைன்னு எழுதியிருக்கீங்க. உள்ளயும் ஒண்ணும் இருக்கக் கூடாது மேடம். பாத்துக்கங்க."

மதியம் டிராக்டர் வந்தது. வெளியே போகிற வண்டிக்குக் கேட் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டில் "செல்லும் இடம்" என்று ஒரு கட்டம் உண்டு. டிராக்டர்காரர், "எங்கீங்க மேடம் போடறது?" என்று கேட்டார். "எங்கயாவது போடுங்க. இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன். கட்டத்தைக் காலியாக விட்டு அடியில் கையெழுத்துப் போட்டேன். ஏதும் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அக்காவிடம் மூன்று வருஷம் பாடம் கேட்டவள் நான். டீசலை மிச்சம் பிடிக்கிற டிராக்டர்காரர் எவ்வளவு தூரம் போவார் என்று எனக்குத் தெரியாதா? அரங்கத்தின் சாமான் அறையையும் சேர்த்துக் காலி பண்ணச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மேடையில் எழுத்துக் குத்தும்போது "லை"யைக் காணோம். தேட நேரமில்லை. மாணவிகள் புதுச் சிவப்புத் துணி வாங்கிவந்து வெட்டிப் பசையால் ஒட்டினார்கள்.

மதியம் கும்மிப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில் வந்து இறங்கினார்கள். அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ஒரு சங்கதிங்க. நம்ம காலேசுக் குப்பை வழி தப்பி எங்க ஷெட்டுக்குப் பின்னால பள்ளத்துல வந்து கெடக்குதுங்க. டிராக்டர்காரன் எடம் தெரியாமக் கொட்டிப்போட்டானாட்ட இருக்குது. நீங்க பதறாதீங்க. விசேசம் முடியட்டும், பொறவு சொல்லி எடுத்துப்போடலாம்."

வழி தப்பி. அவர் சொன்ன சொல் அது. நான் தெரிந்து செய்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. "சரிக்கா, நாளைக்கே எடுக்கச் சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே நல்ல குரலாகத்தான் கேட்டது.

கும்மி முடிந்தது. குழுவில் வந்திருந்த பேராசிரியை ஒருவர் தமிழ்க்காரர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். திரையைத் தொட்டுப் பார்த்தார், டம்ளரைக் கவிழ்த்துப் பெயர் படித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "எல்லாம் சரி. கடைசியா மிஞ்சுறது எங்க போகுது?" என்றார்.

பதிவாளர் என்னையே பார்க்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நான் சொல்றதைவிட ஊர்க்காரங்க சொல்றது நல்லா இருக்கும் மேடம்" என்று சொல்லி, பக்கத்தில் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினேன். இதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பேராசிரியையிடம், "எங்க போவுதுன்னு நாங் கேக்காத நாளில்லீங்க. இந்த அம்மிணி பதில் சொல்லாத நாளும் இல்லீங்க. ஒண்ணு ரெண்டு வழி தப்பினாலும் இவிங்க எடுத்துப்போடுவாங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என்னை நம்பிச் சொன்னது, அவ்வளவுதான். பேராசிரியை சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை பதிவாளரிடம் போய்க் குப்பையை அள்ள வேண்டும் என்றேன். "இப்ப நம்ம டிராக்டர் போய் அள்ளுனா நாமதான் கொட்டுனோம்னு ஆயிரும். ரிசல்ட் வரட்டும் மேடம்" என்றார். நான் சரிங்க சார் என்று வெளியே வந்தேன். ஒரு முழம் கூடுதல் வாய் என்று பீற்றிக்கொண்டேனே, அது அன்றைக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மழை பெய்தது. குப்பை நாறியது. யாரோ புகார் கொடுக்க, ஊராட்சியிலிருந்து வந்து பார்த்தார்கள். பனியன் வேஸ்ட் ஷெட்டுக்குப் பின்னால் குப்பை கிடந்தால் அது யாருடையது என்று இந்தப் பக்கத்தில் யாரும் விசாரிப்பதில்லை. ஷெட் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அது வேறு யாருடைய குப்பை என்று எழுத்தில் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஷெட்டுக்குச் சீல். ஷெட்டின் சொந்தக்காரருக்கு அது வசதியாகப் போயிற்று. வடக்கத்தி ஆட்களுக்கு ரூம் கட்டி விட வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்க்க வந்தார். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்பினார். நான் சொல்லச் சொன்னதுதான். அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் வந்தார், மறுநாளும் மீட்டிங். மூன்றாம் நாள் வகுப்பு முடிந்து வருகிறேன், என் அறை வாசலில் ஒயர் கூடையோடு நின்றிருந்தார்.

"ஒரு கடுதாசி போதுமுங்க அம்மிணி. டிராக்டர்காரன் எடம் மாறிக் கொட்டிப்போட்டான்னு நாலு வரி. யாரையும் கொறை சொல்லோணும்னு இல்லீங்க. எம் பேரு போட்டு, இவிங்க குப்பை இல்லைன்னு இருந்தாச் சரீங்க. அந்த மூணு புள்ளைகளும் என்னையத்தான் நம்பிக் கெடக்குதுக."

மேஜை இழுப்பறையில் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட தாள் கட்டாக இருந்தது. பேனா கைப்பையில் இல்லை, கையிலேயே இருந்தது. மதிப்பீட்டு முடிவு வர இன்னும் பத்து நாள்.

"நம்ம குப்பைதான்னு எப்படிக்கா சொல்றீங்க? அந்தப் பள்ளத்துல எத்தனையோ பேர் கொட்டுறாங்க" என்றேன்.

சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா கூடைக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். சிவப்புத் துணி. "லை". மூன்றாவது தடவையில் சரியாக வந்த அதே "லை".

"குப்பையோட வந்துருச்சுங்க. அலசி இஸ்திரி போட்டிருக்கறனுங்க. ஓரம் சித்த பிரிஞ்சு கெடந்துச்சு, தெச்சுப்போட்டேன். இந்த மாசத்துக்கு வேணுமில்லீங்க, மேடம்?"

மேடம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். டம்ளரை உரியவரிடம் ஒப்படைக்கிறபோது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. செய்தித்தாளை நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று போய்விட்டார். போன பிறகு இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தேன். தேதி எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை.

ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். எங்களுக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. பதிவாளர் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். அதற்குப் பிறகு, முடிவுதான் வந்துவிட்டதே, இனி எழுதினால் என்ன என்று தாளைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கதவைக் கழற்றி எடுத்திருந்தார்கள். ரூம் கட்டுவதற்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள், எங்கே என்று நான் கேட்கவில்லை. பள்ளத்துக் குப்பையை மண் போட்டு மூடியாகிவிட்டது. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஊர் மாலை இன்றும் நடக்கிறது. கூட்டமும் குறையவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த "லை"யை நான்தான் குத்துகிறேன், மாணவிகளிடம் கொடுப்பதில்லை. வேறு கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். "எதைக் கையில் எடுத்தாலும் கேளுங்கள், பிறகு இது எங்கே போகும்?" என்று முடிப்பேன். நன்றாகக் கைதட்டுவார்கள். யார் கேள்வி இது என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் டிராக்டருக்கு இப்போது ஒழுங்காக ஒரு போகிற இடம் இருக்கிறது. கேட் பாஸில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எனக்குப் பின்னால் பிள்ளைகள் என்னை "எங்க போகும் மேடம்" என்று கூப்பிட்டுச் சிரிப்பது எனக்குத் தெரியும்.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். காலையில் நான் ஸ்கூட்டரில் வருகிற நேரம், அவள் சாப்பாட்டுப் பையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். வண்டியை ஓரங்கட்டி, "அக்கா எங்கம்மா போனாங்க?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். மூலனூரோ, வேறெந்த ஊரோ, அரை நாள் பயணத்துக்கு மேல் இருக்காது. சொல்லிவிட்டால் நான் போக வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. போனால் அந்தக் கடுதாசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார், அதுவும் தெரியும். பாயை உதறிப் போட்டு, "வாங்க மேடம், உக்காருங்க" என்பார்.

நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறேன்.